உங்க தாத்தாவின் தாத்தா எந்த ஊர்? கொங்கில் குடும்ப வேரைத் தேடுவது எப்படி? மேற்கே நகர்ந்த தலைமுறைகள் விட்டுச்சென்ற தடயங்கள் என்ன?

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியதும், வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி எழுந்தது. "2002-லயோ 2005-லயோ நம்ம அப்பா, தாத்தா பேரு எந்த ஊர் பட்டியல்ல இருந்துச்சு?" படிவத்தில் பழைய பட்டியலின் விவரத்தை எழுத வேண்டியிருந்ததால், பலர் முதல்முறையாகத் தங்கள் குடும்பம் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று யோசித்தார்கள்.

திருப்பூரில் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலானது. இங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு தலைமுறையில் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். சிலர் போன வருடம் பீகாரிலிருந்து, சிலர் 1980களில் தேனியிலிருந்து, சிலர் மூன்று தலைமுறைக்கு முன்பு காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்திலிருந்து வந்திருப்பார்கள்.

இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு பெயரைத் தேடுவதே இவ்வளவு சிரமம் என்றால், இருநூறு வருடத்துக்கு முந்தைய பெயரைத் தேட முடியுமா? முடியும். கொங்குப் பகுதியில் அதற்கான தடயங்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் எந்தத் தடயத்தை எவ்வளவு நம்பலாம், அதில் யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விரிவாகப் பார்ப்போம்.

முதல்ல கேட்க வேண்டியது பேரை இல்ல, கோயிலை!

குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடும்போது பலரும் முன்னோர் பெயரைத்தான் முதலில் தேடுவார்கள். கொங்கில் அதைவிட உறுதியான தடயம் குலதெய்வக் கோயில்.

கொங்கு வேளாளர் குடும்பங்களில் 'கூட்டம்' அல்லது 'குலம்' என்ற பிரிவு உண்டு. சாத்தந்தை, பயிரன், அந்துவன், முழுக்காதன் எனப் பல பெயர்கள். ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் திருமணம் கிடையாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் 'காணி' என்று சொல்லப்படும் ஊர் இருக்கும். அந்த ஊரின் நிலத்திலும் கோயிலிலும் பரம்பரை உரிமை பெற்றவர்கள் காணியாளர்கள்.

இதில் தேடுபவருக்கு என்ன பயன்? குடும்பம் இடம் மாறினாலும் காணிக் கோயில் மாறுவதில்லை. பொள்ளாச்சியில் நான்கு தலைமுறையாகத் தோப்பு வைத்திருக்கும் ஒரு சாத்தந்தை குலக் குடும்பம், குழந்தைக்கு மொட்டை போட ஈரோடு பக்கத்து வெள்ளோடு ராசாகோயிலுக்குப் போகும். 'ஒரு காலத்தில் அங்கே இருந்தோம்' என்பதற்கு அந்தப் பயணமே சாட்சி. பத்திரம் தொலைந்துபோன குடும்பத்திலும் இந்த வழக்கம் தொலைவதில்லை.

மற்ற சமூகங்களிலும் இதே போன்ற அடையாளங்கள் இருக்கின்றன. தெலுங்கு பேசும் நாயுடு குடும்பங்களில் 'இண்டிபேரு' எனப்படும் வீட்டுப் பெயரில் பல நேரம் பழைய ஊரின் பெயரே ஒளிந்திருக்கும். கன்னடம், தெலுங்கு பேசும் தேவாங்கச் செட்டியார் குடும்பங்களில் குலப் பெயரும் சௌடேஸ்வரி அம்மன் வழிபாடும் வடக்கிலிருந்து வந்த நெசவாளர் பாதையைக் காட்டுகின்றன.

அதனால், வீட்டில் பெரியவர்களிடம் கேட்க வேண்டிய முதல் மூன்று கேள்விகள் இவைதான்:

- நம்ம குலதெய்வம் எங்க இருக்கு? அதுக்கு முன்னாடி வேற கோயிலுக்குப் போனோமா?
- மொட்டை, காது குத்து, கெடா வெட்டு எந்த ஊர்ல நடக்கும்?
- பங்காளிங்க எந்தெந்த ஊர்ல இருக்காங்க?

மூன்றாவது கேள்வியின் பதிலை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். குடும்பம் நகர்ந்த பாதை அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

கிழக்கிலிருந்து மேற்கே: பழங்கதை சொல்வது என்ன?

கொங்கு வேளாளர் குடும்பங்கள் பலவற்றில் சொல்லப்படும் கதை இது: முன்னோர்கள் தொண்டை மண்டலம், சோழ நாடு பக்கமிருந்து வந்து, கொங்கில் காடு திருத்திக் குடியேறினார்கள். 'சோழன் பூர்வ பட்டயம்' என்ற பழைய நூலும் காடழித்து ஊரும் கோயிலும் அமைத்த கதையைச் சொல்கிறது. கோவைகிழார் என அறியப்பட்ட சி.எம்.இராமச்சந்திரன் செட்டியார் அதைப் பதிப்பித்தார். கார்மேகக் கவிஞர் பாடிய 'கொங்கு மண்டல சதகம்' குடும்பங்களின், ஊர்களின் பெருமைக் கதைகளைத் தொகுத்துச் சொல்கிறது.

பாளையக்காரர் குடும்பங்களுக்கு இன்னொரு ஆதாரம் உண்டு. இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலாக இருந்த காலின் மெக்கன்சி, 1821-ல் இறக்கும்வரை தென்னிந்தியா முழுவதும் ஆட்களை அனுப்பி வம்சாவளிகளைத் திரட்டினார். அவற்றில் ஒரு பெரும் பகுதி சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. 'பாளையப்பட்டுகளின் வம்சாவளி' என்ற பெயரில் நூல்களாகவும் வந்திருக்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த வம்சாவளிகள் அரசிடம் உரிமை கோருவதற்காகவும் பெருமை பேசுவதற்காகவும் எழுதப்பட்டவை. அதனால் ராஜாவிடம் பட்டம் வாங்கிய கதை கட்டாயம் இருக்கும். பஞ்சத்தில் ஊரை விட்டு ஓடிய கதை இருக்காது.

இவற்றைவிடத் திடமான ஆதாரம் கல்வெட்டு. கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விளக்கு எரிக்கப் பொன் கொடுத்தவர்களின் பெயரோடு குலப் பெயரும் வருகிறது. அதாவது, சில குலப் பெயர்களுக்குச் சுமார் 700, 800 வருட எழுத்துச் சாட்சி இருக்கிறது. ஈரோட்டைச் சேர்ந்த கல்வெட்டு அறிஞர் புலவர் செ.இராசு தன் வாழ்நாள் முழுக்கத் தொகுத்துப் பதிப்பித்த கல்வெட்டுகள், செப்பேடுகள், ஓலைகள் இந்தத் தேடலில் இறங்கும் எவருக்கும் அவசியமானவை.

பேர் ஒண்ணா இருந்தா சொந்தம்னு அர்த்தமா?

இல்லை. பலர் சறுக்கும் இடம் இது. சங்க காலச் சேர மன்னர்களில் ஒருவர் அந்துவஞ்சேரல் இரும்பொறை. இன்று கொங்கில் அந்துவன் குலம் இருக்கிறது. உடனே "நாங்க சேரர் வம்சம்" என்று எழுதிவிட முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் வருடத்துக்கும் மேல் இடைவெளி. இடையில் தலைமுறை தலைமுறையாக ஆதாரம் இருந்தால்தான் அது வம்சாவளி. இல்லாவிட்டால் பெயர் ஒற்றுமை மட்டும்தான்.

அதேபோல 'கவுண்டர்' என்ற பட்டத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. கொங்கில் வேட்டுவக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஊராளிக் கவுண்டர் எனப் பல சமூகங்கள் அந்தப் பட்டத்தைப் பயன்படுத்துகின்றன.

சரி, ஏன் மேற்கே?

கொங்கின் வரைபடத்தில் நொய்யலைப் பாருங்கள். மேற்கே வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. அதன் கரையோரத்தில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், பாலக்காட்டுக் கணவாய்க்கும் கரூருக்கும் நடுவிலான பாதையில் சங்க காலத்திலேயே வணிகர்களும் கைவினைஞர்களும் இருந்ததைக் காட்டின. இந்தப் பாதையில் ஆட்கள் நடமாடுவது புதிதல்ல. ஆனால் கடந்த 150 வருடங்களில் மேற்கு நோக்கிய நகர்வுக்குக் குறிப்பான காரணங்கள் இருக்கின்றன.

தண்ணீர்: காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் மழை குறைவு. அங்கே வேலி அடைத்த மேய்ச்சல் நிலமான கொறங்காடும் காங்கேயம் மாடும்தான் பிழைப்பு. குடும்பம் பெருகி நிலம் துண்டாகும்போது, கிணறு தோண்டினால் தண்ணீர் கிடைக்கும் தோட்டத்தைத் தேடிச் சிலர் நகர்ந்தார்கள். பின்னர் பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் வந்ததும், கவலை ஏற்றிய கிணறுகளில் மெல்ல மெல்ல மின் மோட்டார் வந்தது.

ரயில்: சென்னையையும் மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூரையும் இணைக்கும் ரயில் பாதை 1862-ல் முழுமையானது. அது திருப்பூர் வழியாகப் போனது. பருத்தி மூட்டை ஏற்ற ஒரு நிலையம் கிடைத்ததும் சந்தை ஊர் வளர்ந்தது.

பருத்தி, மில்: கோவையின் முதல் நூற்பாலை 1888-ல் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி பரவியது. திருப்பூரில் பஞ்சு அரவை ஆலைகள் வந்தன. 1917-ல் திருப்பூர் நகராட்சி ஆனது.

பனியன்: 1920களில் தொடங்கிய பின்னலாடைத் தொழில், 1970களின் இறுதியில் ஏற்றுமதிக்கு மாறியது. அதன்பின் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தவர்கள், பிறகு வாடகை வீடு, பிறகு சொந்த வீடு என்று இங்கேயே தங்கினார்கள்.

ஆய்வாளர் சரத் சாரி திருப்பூரைப் பற்றி 2004-ல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பையே சகோதர முதலீடு என்ற பொருளில் வைத்தார். விவசாயக் குடும்பத்திலிருந்து பனியன் கம்பெனிக்குக் கூலியாக வந்து, பின் முதலாளி ஆனவர்களின் வரலாற்றை அவர் பதிவு செய்தார். அந்த வளர்ச்சியில் பங்காளி, மாமன், மச்சான் உறவுகளுக்கு எவ்வளவு பங்கு இருந்ததோ, அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த பெண்களுக்கும் மற்ற சமூகங்களுக்கும் கதவு அவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதும் அதில் தெரிகிறது.

ஒரு உதாரணக் குடும்பத்தைப் பார்ப்போம்

புரிவதற்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

- முதல் தலைமுறை, சுமார் 1880: வெள்ளகோவில் பக்கம் கொறங்காடு, மாடு. காணிக் கோயில் அதற்கும் கிழக்கே.
- இரண்டாம் தலைமுறை, சுமார் 1910: மூன்று மகன்களில் இளையவர் காங்கேயத்துக்கு மேற்கே மாமனார் ஊரில் கிணற்றுத் தோட்டம் வாங்குகிறார்.
- மூன்றாம் தலைமுறை, சுமார் 1945: பல்லடம் பக்கம் பருத்தி. ஒரு மகன் பஞ்சு அரவை ஆலையில் கணக்கெழுதப் போகிறார்.
- நான்காம் தலைமுறை, சுமார் 1975: திருப்பூரில் கட்டிங் வேலை. பின் சொந்தமாக நான்கு தையல் மெஷின்.
- ஐந்தாம் தலைமுறை, இன்று: ஒருவர் திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட், ஒருவர் கோவையில் ஐ.டி. வேலை.

ஐந்து தலைமுறையில் மொத்த நகர்வு வெறும் 100 கிலோமீட்டர் அளவுதான். அமெரிக்காவில் 1862-ன் நிலக் குடியேற்றச் சட்டப்படி 160 ஏக்கர் வாங்க மாட்டு வண்டியில் மேற்கே போன குடும்பங்கள் ஒரே கோடையில் ஆயிரம் மைல் கடந்தன. கொங்கில் ஒரு தலைமுறைக்கு ஒரு எட்டு. ஒவ்வொரு எட்டிலும் பழைய ஊரோடு உறவு அறுந்துபோகவில்லை. அதனால்தான் திரும்பத் தேடிப் போக முடிகிறது.

தாள்ல எப்படித் தேடுறது?

பெரியவர்களிடம் கேட்டதைத் தாளில் உறுதிப்படுத்த வேண்டும். இன்றிலிருந்து பின்னோக்கிப் போவதுதான் சரியான முறை. நடுவில் எந்தப் படியையும் தாண்டக் கூடாது.

1. வீட்டில் இருப்பவை: ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு. மொய் நோட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1960-ல் நடந்த கல்யாணத்தின் மொய் நோட்டில் பங்காளி, மாமன் குடும்பங்கள் ஊர்ப் பெயரோடு வரிசையாக இருக்கும்.

2. பட்டா, சிட்டா, அ பதிவேடு: தமிழ்நாட்டில் 1979 முதல் 1980களில் நில உடைமைப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. அந்த அ பதிவேட்டில் பழைய சர்வே எண்ணும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டுக்குப் போகலாம். அங்கே கொள்ளுத் தாத்தா பெயர் கிடைக்க வாய்ப்பு உண்டு.

3. வில்லங்கச் சான்று: பதிவுத் துறை இணையதளத்தில் பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975-க்குப் பிறகான விவரங்களைப் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். பத்திரப் பதிவு 1860களிலேயே தொடங்கிவிட்டது. பாகப் பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். "இன்னார் மகன் இன்னார், மேற்படியார் தம்பி இன்னார்" என்று குடும்ப மரமே அதில் எழுதப்பட்டிருக்கும்.

4. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்: ஆங்கிலேயர் கால வருவாய் ஆவணங்கள், மாவட்டப் பதிவுகள் இங்கே இருக்கின்றன.

5. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: இது நமக்கு உதவாது. அமெரிக்காவில் 72 வருடம் கழித்துக் கணக்கெடுப்புப் படிவங்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடுகிறார்கள். 1950-ன் படிவங்கள் 2022-ல் வெளியாயின. இந்தியாவில் 1948-ன் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரங்கள் ரகசியம். மொத்த எண்ணிக்கை மட்டுமே வெளியே வரும்.

பெயரில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். பெயரன்தான் பேரன். அதனால் முத்துசாமி மகன் பழனிசாமி, பழனிசாமி மகன் முத்துசாமி என்று இரண்டே பெயர்கள் மாறி மாறி வரும். 1890 பத்திரத்தில் வரும் முத்துசாமியும் 1940 பத்திரத்தில் வரும் முத்துசாமியும் வேறு வேறு ஆட்கள். தந்தை பெயர், சர்வே எண், கையெழுத்து அல்லது கைரேகை மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

வீடு மாறல, மாவட்டம் மாறிடுச்சு!

ஆவணம் கிடைக்காததற்கு முக்கியக் காரணம், தவறான ஊரில் தேடுவது. தாராபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979 வரை அது கோவை மாவட்டம். 1979-ல் பிரிக்கப்பட்டபோது பெரியார் மாவட்டம் (பின்னாளில் ஈரோடு). 2009 முதல் திருப்பூர் மாவட்டம். அங்கே பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர், வீடு மாறாமலேயே மூன்று மாவட்டத்தில் வாழ்ந்திருக்கிறார்! காங்கேயத்துக்கும் இதே கதைதான்.

கரூர் 1910 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. பின் திருச்சிக்குப் போனது. கொள்ளேகாலம் 1956 வரை கோவை மாவட்டம். இன்று கர்நாடகம்.

வாக்காளர் பட்டியலிலும் இதே சிக்கல் உண்டு. 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு வெள்ளகோவில், பொங்கலூர் சட்டமன்றத் தொகுதிகள் இல்லாமல் போயின. திருப்பூர் இரண்டாகப் பிரிந்து வடக்கு, தெற்கு ஆனது. 2002 பட்டியலில் 'திருப்பூர் வடக்கு' என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

எல்லை தாண்டிய குடும்பங்கள்

மேற்கே போன எல்லோரும் கோவையோடு நிற்கவில்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கம் நிலம் வாங்கிக் குடியேறியவர்களும் உண்டு. இன்றும் அங்கே வீட்டில் தமிழ்தான். சித்தூர் அந்நாளில் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. 1956-க்குப் பிறகு கேரளம். எனவே அந்தக் கிளைக் குடும்பத்தின் நில ஆவணங்கள் மலையாளத்தில் இருக்கும். 'அந்தக் கிளை அத்துப்போச்சு' என்று நினைக்கும் முன் ஒருமுறை எல்லைக்கு அப்பால் விசாரிப்பது நல்லது.

அட்டப்பாடிக்கும் தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய விவசாயிகள் உண்டு. அங்கே கதை வேறு மாதிரி முடிந்தது. 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடியின் மக்கள்தொகையில் சுமார் 90 சதவீதம் இருளர், முதுகர், குறும்பர் பழங்குடியினர். பின்வந்த பத்தாண்டுகளில் கேரளச் சமவெளியிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த குடியேற்றத்தால் அவர்கள் சொந்த மண்ணில் சிறுபான்மை ஆனார்கள். பழங்குடியினர் இழந்த நிலத்தை மீட்கக் கேரளம் 1975-ல் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சிக்கல் இன்றும் தீரவில்லை.

குடும்ப மரத்தில் இல்லாதவர்கள் யார்?

"எங்க முன்னோர் காடழிச்சு ஊர் உண்டாக்கினாங்க" என்று ஒரு வம்சாவளி சொல்லும்போது, அந்தக் காட்டில் முன்பே யார் இருந்தார்கள் என்ற கேள்வி வருகிறது. இதற்குக் கொங்கின் நாட்டுப்புறக் கதையே பதில் சொல்கிறது. பொன்னர் சங்கர் என்று சினிமாவாகவும் வந்த அண்ணன்மார் கதை, ஒரு குடியானவக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. கனடா ஆய்வாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கம் தங்கி அதை முழுமையாகப் பதிவு செய்தார். அதில் நடக்கும் பெரும் போர், ஏர் பிடித்தவர்களுக்கும் காட்டை நம்பி வாழ்ந்த வேட்டுவர்களுக்கும் இடையில்தான். முன்னோடி என்று ஒரு பக்கம் சொல்லும்போது, அவர் வரும் முன்பே அங்கிருந்தவர் இன்னொரு பக்கம் இருக்கிறார்.

இரண்டாவதாக விடுபடுபவர்கள், நிலம் இல்லாதவர்கள். மேலே சொன்ன ஆவணங்களில் பெரும்பாலானவை நில ஆவணங்கள். தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணை வேலை செய்த அருந்ததியர் குடும்பத்தின் பெயர் எந்தப் பத்திரத்திலும் வந்திருக்காது. கிணறு வெட்டியதும் கவலை ஓட்டியதும் அவர்கள்தான். இப்படிப்பட்ட குடும்பங்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல், சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு ஆகியவற்றில் தேடலாம். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் குடும்பத்தில் இருந்ததாகப் பெரியவர்கள் சொன்னால், பழைய நிலப் பதிவேடுகளைக் கட்டாயம் பாருங்கள். அது பூர்வீகத் தேடல் மட்டுமல்ல, உரிமைத் தேடலும்கூட.

இலங்கை மலையகத்திலிருந்து 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பி வந்தவர்களுக்கு, அப்போது கொடுத்த குடும்ப அட்டை முக்கியமான ஆவணம். வட மாநிலத் தொழிலாளர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஹரித்வார், கயா போன்ற தலங்களில் பண்டாக்கள் எனப்படும் புரோகிதர்கள் யாத்திரை வந்த குடும்பங்களின் பெயரைத் தலைமுறை தலைமுறையாகப் பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். திருப்பூரில் இன்று பவர் டேபிளில் தைக்கும் ஒரு இளைஞரின் ஏழு தலைமுறை, கயாவில் ஒரு பேரேட்டில் இருக்கக்கூடும்.

மகள் பேரு எங்க?

மூன்றாவதாக, எல்லாச் சமூகங்களிலும் விடுபடுபவர்கள் பெண்கள். கல்யாணம் ஆனதும் மகளின் பெயர் மரத்திலிருந்து உதிர்ந்துவிடும். வந்த மருமகளுக்கோ பெயரே இருக்காது. 'இன்னார் சம்சாரம்' என்று மட்டும் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். உங்களுக்குப் பெற்றோர் 2 பேர். தாத்தா பாட்டி 4 பேர். அதற்கு மேல் 8, 16, 32. இப்படிப் பத்தாவது தலைமுறைக்குப் போனால் 1,024 பேர் வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்ததால், ஒரே ஆள் பல இடத்தில் வருவார். அதனால் உண்மையான எண்ணிக்கை குறையும். ஆனாலும் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். கூட்டத்தின் பெயர் இதில் அப்பாவின் அப்பாவின் அப்பா என்று ஒரே ஒரு கோட்டை மட்டும்தான் பிடித்துக்கொண்டு போகிறது. மீதிப் பேர்? இப்போது விற்கப்படும் டி.என்.ஏ. பரிசோதனைகளில் தந்தைவழியைக் காட்டும் பரிசோதனையும் அதே ஒரு கோட்டைத்தான் காட்டும். உங்கள் காணி எந்த ஊர் என்று அது சொல்லாது.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. சொத்துப் பிரச்சினை. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் வந்த சட்டத் திருத்தங்கள் இந்து கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தன. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில், இது பிறப்பால் வரும் உரிமை, 2005-ல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி பதிவாகி முடிந்த பாகப் பிரிவினைகளை இது பாதிக்காது.

எனவே மகள்களை விட்டுவிட்டு வரைந்த வம்சாவளியை நம்பி நிலம் வாங்கினால், நாளை வழக்கு வரலாம். மகள்களின் பெயர் இல்லாத குடும்ப மரம், சட்டத்தின் பார்வையிலும் அரைகுறைதான்.

இத்தனைக்கும், ஒரு குலமே ஒரு பெண்ணைத் தாயாக வைத்துக் கும்பிடும் இடமும் இதே கொங்கில்தான் இருக்கிறது. காங்கேயம் அருகே காடையூர் வெள்ளையம்மாள், முழுக்காதன் குலத்தாரின் குலதெய்வம்.

இப்ப என்ன செய்யலாம்?

- வீட்டில் மூத்தவர் ஒருவரை உட்கார வைத்து, போனில் ரெக்கார்டு செய்யுங்கள். ஊர், கோயில், கிணறு, பஞ்சம், பஸ் வந்த வருடம் என்று கேளுங்கள். ஆண்டு நினைவில்லாதவர்களுக்கும் "தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்ற கேள்விக்குப் பதில் தெரியும்.
- அப்பா வழியோடு அம்மா வழியையும் சேர்த்து எழுதுங்கள். அம்மாவின் அம்மாவுக்கு என்ன பெயர், எந்த ஊர் என்று இன்றே கேட்டுவிடுங்கள். முதலில் மறந்துபோவது அந்தப் பெயர்தான்.
- ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் 'பெரியம்மா சொன்னது', 'பத்திரத்தில் இருப்பது' என்று பிரித்துக் குறியுங்கள். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் வைத்திருங்கள்.
- பழைய பத்திரங்களை லேமினேஷன் செய்யாதீர்கள். பழைய தாள் கெட்டுவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. படம் எடுத்து வைத்துக்கொண்டு, அசலைக் காய்ந்த இடத்தில் வையுங்கள்.

2011 கணக்கெடுப்பின்படி இன்றைய திருப்பூர் மாவட்ட எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 24.79 லட்சம் பேர். அவர்களில் சிலரின் பாட்டன் 1900-ல் வந்திருப்பார், சிலர் அதே வருடம் ரயிலில் வந்து இறங்கியிருப்பார்கள். குடும்ப மரத்தை நேர்மையாக வரைந்து பார்த்தால், யார் முதலில் வந்தது என்ற பெருமை கொஞ்சம் குறையும். நாமும் ஒரு காலத்தில் தண்ணீரையும் வேலையையும் தேடி வந்தவர்கள்தான் என்பது தெரியவரும். இன்று பக்கத்து வாடகை வீட்டுக்கு மூட்டையோடு வந்து இறங்கும் குடும்பத்தைப் பார்க்கும் பார்வையும் அதனால் மாறலாம்.